பத்மினி காருக்கு அடித்தகரம் மாற்றுவது: கடலோரத்தில் முதல்முறை செய்பவர்களுக்கு

டிரைவர் சீட்டுக்கு முன்னால் கிடக்கும் ரப்பர் பாயைத் தூக்கிப் பாருங்கள். தகரம் இருக்க வேண்டிய இடத்தில் அப்பளம் போலப் பொரிந்த பழுப்புத் தகடும், அதன் ஓட்டை வழியே தரையும் தெரிந்தால் இந்தக் கட்டுரை உங்களுக்குத்தான்.

எங்கள் ஊர் உச்சிப்புளி. வடக்கே போனாலும் கடல், தெற்கே போனாலும் கடல். வீட்டில் நிற்பது அப்பா செகண்ட் ஹேண்டில் வாங்கிய 1983 மாடல் பிரீமியர் பத்மினி. அதன் அடித்தகரத்தை முதல் தடவை ஒரு பட்டறையில் கொடுத்துத்தான் சரி செய்தோம். பழைய தகரத்தின் மேலேயே புதுத் தகரத்தை வைத்து, சுற்றிலும் வெல்டு அடித்து, மேலே தார் பூசிக் கொடுத்தார்கள். பார்க்க நன்றாகத்தான் இருந்தது. ஐப்பசி, கார்த்திகை மழை முடிந்து தை மாசம் பாயைத் தூக்கினால், ஒட்டின் ஓரம் முழுக்கத் துரு உப்பி நின்றது. அடுத்த தடவை ராமநாதபுரத்தில் டிங்கர் வேலை (கார்த் தகர வேலை) பார்க்கும், நாங்கள் ‘பாய்’ என்று கூப்பிடும் ஒருவரின் பக்கத்தில் நாள்கணக்கில் நின்று கற்றுக்கொண்டு, அவர் சொல்லச் சொல்ல நானே செய்தேன். ஆறு மழைக்காலம் போய்விட்டது, தகரம் அப்படியே இருக்கிறது. அந்த இரண்டு வேலைக்கும் நடுவில் இருந்த வித்தியாசத்தைத்தான் எழுதுகிறேன்.

வெல்டிங் நன்றாக வந்ததா என்பது அதில் பாதிதான். மீதிப் பாதி உப்பு. உப்பு இருக்கும் தகரத்தின் மேல் எவ்வளவு நல்ல வெல்டு அடித்தாலும் நம் கரையில் அது நிற்காது.

ஏன் நம்மூரில் இப்படி

துரு வர இரும்பும் தண்ணீரும் காற்றும் போதும். உப்பு சேர்ந்தால் அது பல மடங்கு வேகமாகும். அதிலுள்ள குளோரைடு செலவாகித் தீர்ந்துபோவதில்லை. இரும்பைக் கரைத்துவிட்டு, அந்தத் துருவுக்கு அடியிலேயே தங்கி, அடுத்த இரும்பைக் கரைக்கிறது. மேலே தேய்த்துப் பளபளவென்று ஆக்கிய தகரத்தில் மறுநாள் காலை பழுப்புப் புள்ளிகள் முளைப்பது அதனால்தான். குழிகளுக்குள் உப்பு உட்கார்ந்திருக்கிறது.

இன்னொன்று, உப்பு தானாகவே காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும். சாதாரண உப்பு காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் கசிய ஆரம்பிக்கும். கடல் உப்போடு கலந்திருக்கும் மெக்னீசியம் குளோரைடு 33 சதவீதத்திலேயே கசியும். ஆக, பங்குனி வெயிலில் நிற்கும் காரின் அடிவயிறுகூட நம்மூரில் முழுசாகக் காய்வதில்லை. கச்சான் (தென்மேற்குக் காற்று) அடித்தால் ஒரு பக்கத்து உப்பு, வாடை (வடகிழக்குக் காற்று) அடித்தால் மறுபக்கத்து உப்பு. காரைக்குடியில் இருக்கும் மத்திய மின்வேதியியல் ஆய்வகத்தார், இரும்பு எப்படித் துருப்பிடிக்கிறது என்று பார்க்க மண்டபத்தில் நிலையம் வைத்தார்கள். 1914இல் திறந்த பாம்பன் ரயில் பாலத்துக்கு ஓயாமல் பெயிண்டு அடித்துக்கொண்டே இருந்தார்கள். 2025இல் திறந்த புதுப் பாலத்துக்கு உள்கம்பியே துருப்பிடிக்காத எஃகு, மேல்பூச்சு பாலிசிலாக்சேன் என்ற துருத்தடுப்புப் பெயிண்டு. நம் கார்கள் நிற்பதும் அதே காற்றில்தான்.

முதல் வேலைக்கு எதை எடுப்பது

அடித்தகரத்தையே எடுங்கள். மட்கார்டு, கதவின் கீழ்ப்பகுதி இரண்டும் கண்ணுக்குத் தெரியும் இடம். சூட்டில் கொஞ்சம் நெளிந்தாலும் பெயிண்டு அடித்த பிறகு அலை அலையாகக் காட்டிக்கொடுக்கும். அடித்தகரம் பாய்க்கு அடியில் போய்விடும். கை பழக அதுதான் சரியான இடம்.

ஒரு எச்சரிக்கை. பத்மினிக்கோ அம்பாசிடருக்கோ தனிச் சேஸிஸ் (அடிச்சட்டம்) கிடையாது, பாடியே சேஸிஸ். கதவுக்குக் கீழே நீளமாக ஓடும் பெட்டி போன்ற பகுதியும் அடித்தகரமும் சேர்ந்துதான் காரைத் தாங்குகின்றன. துரு அந்தப் பெட்டிக்குள் போயிருந்தால், ஜாக்கி வைக்கும் இடம் மெத்தென்று அமுங்கினால், அல்லது கதவைத் திறந்ததும் அது கீழே இறங்கி மூட மறுத்தால், அதை நீங்களாகத் தொடாதீர்கள். அனுபவசாலி ஒருவர் பக்கத்தில் வேண்டும். சென்னையில் தயாரான ஸ்டாண்டர்டு ஹெரால்டு வைத்திருப்பவர்களுக்கு தனிச் சேஸிஸ் உண்டு, அந்த அளவில் கொஞ்சம் நிம்மதி.

சேஸிஸ் எண் பொறித்த இடம் எதுவானாலும் அதில் கிரைண்டர் படக் கூடாது. 50 வருஷம் தாண்டிய கார் என்றால் இன்னொரு விஷயமும் உண்டு. 2021இல் வந்த மத்திய அரசு விதிப்படி விண்டேஜ் பதிவு வாங்க, கார் அதன் மூல வடிவில் இருக்க வேண்டும். சேஸிஸிலோ பாடியிலோ மாற்றம் செய்திருக்கக் கூடாது. அதனால் வெட்டி எடுத்ததைப் போலவே திரும்ப வையுங்கள், புது வடிவம் கண்டுபிடிக்க வேண்டாம்.

பிரித்துப் பார்ப்பது

சீட்டைக் கழற்றுங்கள். போல்ட்டு துருவில் இறுகியிருக்கும். முந்தின நாள் ராத்திரியே எண்ணெய் விட்டு ஊறவிட்டால் தலை உடையாமல் வரும். பாய், அதன் அடியிலிருக்கும் சணல் அட்டை எல்லாவற்றையும் எடுத்துவிடுங்கள். அந்தச் சணல் அட்டையைத் திரும்பப் போடவே போடாதீர்கள். ஈரத்தைப் பிடித்துவைத்து உங்கள் தகரத்தைத் தின்றது அதுதான்.

அப்புறம் சின்னச் சுத்தியல் ஒன்றை எடுத்து, தகரத்தின் மேல் அங்குலம் அங்குலமாகத் தட்டிக்கொண்டே போங்கள். நல்ல தகரம் ‘ணங்’ என்று சொல்லும். செத்த தகரம் ‘பொத்’ என்று சொல்லும். சத்தம் மாறும் இடத்தில் ஸ்குரூடிரைவரால் குத்துங்கள். உள்ளே இறங்கினால் இன்னும் தள்ளிப் போய்த் தட்டுங்கள். உறுதியான தகரம் வந்த இடத்திலிருந்து மேலும் ஒரு அங்குலம் தள்ளி மார்க்கரால் கோடு போடுங்கள். புதியவர்கள் எல்லோரும் ஓட்டையின் அளவுக்குத்தான் வெட்டப் பார்ப்பார்கள். உள்ளங்கை அளவு ஓட்டைக்கு எனக்கு ஒன்றரை அடிக்கு ஒரு அடி வெட்ட வேண்டியிருந்தது. மெல்லிசான தகரத்தில் வெல்டு பிடிக்காது, ஓட்டைதான் பெருகும். அதனால் இந்த இடத்தில் கஞ்சத்தனம் வேண்டாம்.

வெட்டுக்கோடு நான்கு மூலையிலும் வளைவாக இருக்கட்டும். டீ கிளாஸைக் கவிழ்த்து வைத்து வரைந்தால் சரியான வளைவு கிடைக்கும். கூர்மையான மூலையிலிருந்துதான் பின்னால் விரிசல் ஓடும்.

வெட்டுவதற்கு முன்

காரை ஜாக்கியில் மட்டும் நிறுத்திவிட்டு அடியில் படுக்காதீர்கள். ஸ்டாண்டு வையுங்கள். நம் வீடுகளில் முக்கால்வாசி மணல் தரை. ஸ்டாண்டின் கால் மெதுவாகப் புதையும், கண்ணுக்கே தெரியாது. ஒவ்வொரு ஸ்டாண்டுக்கும் அடியில் அகலமான பலகையோ பனஞ்சட்டமோ போட்டு, காரைப் பிடித்து நன்றாக ஆட்டிப் பார்த்துவிட்டுத்தான் அடியில் போக வேண்டும்.

பேட்டரியைக் கழற்றி வெளியே வையுங்கள். ஆல்டர்னேட்டர் இருந்தால் அதன் ஒயரையும் எடுத்துவிடுங்கள். பெட்ரோல் பைப், பிரேக் பைப், பின்விளக்குக்குப் போகும் ஒயர் எல்லாம் அடித்தகரத்தை ஒட்டித்தான் ஓடும். கையால் தடவி எது எங்கே போகிறது என்று பார்த்து, வெட்டும் இடத்தில் இருப்பதைக் கழற்றி ஒதுக்கிக் கட்டுங்கள். அடியில் பூசியிருக்கும் பழைய தாரை வெட்டுக்கோட்டிலிருந்து நான்கு விரல் அகலத்துக்குச் சுரண்டி எடுங்கள், அது தீப்பிடிக்கும். ஒரு வாளி மணல், ஒரு வாளி தண்ணீர், முடிந்தால் தீயணைப்பான், கூடவே ஒரு ஆள். நீங்கள் மாஸ்க்கைப் போட்டுக்கொண்டு மேலே வெல்டு அடிக்கும்போது கீழே என்ன எரிகிறது என்று உங்களுக்குத் தெரியாது. வேலை முடிந்த பிறகும் அரை மணி நேரம் அங்கேயே இருங்கள். உடுப்பு பருத்தியாக இருக்கட்டும், பாலியெஸ்டர் உருகித் தோலில் ஒட்டும். கண்ணாடி, கையுறை, காலில் ஷூ.

வெட்டுக்கோடு கதவோரப் பெட்டியை நெருங்கினால், வெட்டுவதற்கு முன்பே கதவு வாசலின் குறுக்கே ஒரு எல் ஆங்கிள் இரும்பை நான்கு புள்ளி வெல்டில் பிடித்துவைத்துவிடுங்கள். கார் நெளியாமல் இருக்கும். கதவைச் சுற்றியுள்ள இடைவெளியை முன்னாடியே அளந்து குறித்துக்கொண்டால் கடைசியில் சரிபார்க்கலாம்.

கழுவுவது

நான்கு அங்குல கிரைண்டரில் 1 மி.மீ. கட்டிங் வீல் போட்டுக் கோட்டின் மேல் வெட்டுங்கள். அடியில் குறுக்குச் சட்டம் ஓடும் இடத்தில் வீல் ஆழமாக இறங்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். சட்டத்தோடு ஸ்பாட் வெல்டில் ஒட்டியிருந்தால் அந்தப் புள்ளிகளை 8 மி.மீ. டிரில் பிட்டால் துளைத்துப் பிரியுங்கள். வெட்டி எடுத்த தகரத்தைத் தூக்கிப் போடாதீர்கள், அளவுக்கு அது வேண்டும்.

வெட்டியதும் எல்லோருக்கும் உடனே புதுத் தகரத்தை வைத்துப் பற்றவைக்கத்தான் கை பரபரக்கும். நானும் அப்படித்தான் நின்றேன். டிங்கர் பாய், “தம்பி, மொதல்ல கழுவுங்க” என்றார். ஓரங்களைக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்து, எங்கள் போர் தண்ணீரைக் கொண்டுவந்து ஊற்றினேன். அவர் அதில் ஒரு சொட்டை எடுத்துக் காரின் பின் கண்ணாடியில் விட்டார். பக்கத்திலேயே குடிக்க வைத்திருந்த காவிரித் தண்ணீரில் ஒரு சொட்டு. இரண்டும் வெயிலில் காயும்வரை டீ குடித்தோம். காவிரிச் சொட்டு இருந்த இடத்தில் லேசான ஒரு வட்டம் மட்டும் தெரிந்தது. போர் தண்ணீர் சொட்டு காய்ந்த இடத்தில் வெள்ளையாக உப்புப் பூத்திருந்தது. நகத்தால் சுரண்டினால் தூளாக வந்தது. “இதையா உள்ள ஊத்துறீங்க?” என்றார். அதற்கு மேல் எதுவும் சொல்லவில்லை.

அதனால், கழுவுவதற்குக் கூட்டுக் குடிநீர்க் குழாயில் வரும் காவிரித் தண்ணீரோ, பிடித்துவைத்த மழைத் தண்ணீரோ, ஆர்.ஓ. தண்ணீரோதான். நான்கைந்து குடம் போதும். உங்கள் தண்ணீரையும் இதேபோல் கண்ணாடியில் ஒரு சொட்டு விட்டுப் பார்த்துக்கொள்ளுங்கள்.

முறை இதுதான். வெட்டிய ஓரத்தின் மேலும் கீழும் குறைந்தது மூன்று அங்குலத்துக்குத் தாரும் பெயிண்டும் துருவும் போகும்வரை கம்பி பிரஷ் வீலால் தேய்க்கவும். சூடான நல்ல தண்ணீர் ஊற்றி நைலான் பிரஷ்ஷால் அழுத்தித் தேய்த்து வடியவிடவும். வெயிலில் காயவிடவும். ஒரு மணி நேரத்தில் குழிகளில் பழுப்பு எட்டிப் பார்க்கும். அங்கேதான் உப்பு இருக்கிறது. மறுபடி தேய்த்து, மறுபடி கழுவவும். எனக்கு மூன்று சுற்று ஆனது. மூன்றாவது தடவை காய்ந்த பிறகு தகரம் சாம்பல் நிறத்திலேயே நின்றது. கதவோரப் பெட்டிக்குள்ளும் அதே தண்ணீரை ஊற்றி, அடியில் இருக்கும் வடிகால் துளைகளைக் கம்பியால் குத்தித் திறந்து, வடிவது தெளிவாகும்வரை கழுவுங்கள். கடைசியில் ஹேர் டிரையரோ புளோயரோ வைத்து மடிப்புகளைக் காயவையுங்கள்.

புதுத் தகரம்

வெட்டி எடுத்த துண்டில் துருப்படாத ஓரத்தைச் சுத்தம் செய்து வெர்னியரில் அளந்து, அதே கனத்தில் வாங்குங்கள். பெரும்பாலும் 20 கேஜ் முதல் 18 கேஜுக்குள் வரும், அதாவது சுமார் 0.9 முதல் 1.2 மி.மீ. கடையில் சி.ஆர். ஷீட் (பூச்சில்லாத சாதாரணத் தகரம்) என்று கேட்கவும். ஜி.ஐ. ஷீட் (துத்தநாகம் பூசிய தகரம்) துருப்பிடிக்காதே, அதையே போடலாமே என்று இங்கே எல்லோருமே சொல்வார்கள். வெல்டு படும் இடத்தில் துத்தநாகம் எரிந்துபோகும். பாதுகாப்பு வேண்டிய இடத்திலேயே பாதுகாப்பு போய்விடும். எரியும் துத்தநாகப் புகையைச் சுவாசித்தால் ராத்திரி குளிர்காய்ச்சல் வரும். சி.ஆர். ஷீட்டே போதும்.

முதலில் அட்டைப்பெட்டியில் மாதிரி வெட்டி, ஓட்டையில் பொருத்தி, திருத்தித் திருத்திச் சரியாக வந்த பிறகு தகரத்தில் வரைந்து வெட்டுங்கள். பழைய தகரத்தில் நீளவாக்கில் மேடாக ஓடும் வரிகளைக் கவனித்தீர்களா? அது அழகுக்கு இல்லை. வரியில்லாத தட்டைத் தகரத்தில் கால் வைத்தால் ‘டொப் டொப்’ என்று உள்ளே போய் வெளியே வரும். கறிக்கடைக்காரர்கள் வைத்திருப்பது போன்ற புளியங்கட்டை ஒன்றில் ஒரு விரல் அகலத்துக்குப் பள்ளம் செதுக்கி, தகரத்தை அதன் மேல் வைத்து, உருண்டை முகச் சுத்தியலால் ஓரத்திலிருந்து மெதுவாகத் தட்டிக்கொண்டே போனால் வரி இறங்கும். ஒரே அடியில் இறக்கப் பார்த்தால் தகரம் முறுக்கிக்கொள்ளும். வரி போட்டால் தகரம் கொஞ்சம் சுருங்கும், அதனால் வரி போட்ட பிறகே கடைசி அளவுக்கு வெட்டுங்கள்.

வைக்கும் முறையில் ஒரு முடிவு எடுக்க வேண்டும். தகரத்தின் மேல் தகரம் ஏற்றிப் பற்றவைப்பது சுலபம். ஆனால் இரண்டுக்கும் நடுவில் இருக்கும் மெல்லிய சந்தில் உப்புத் தண்ணீர் ஏறி உட்கார்ந்துகொள்ளும். அங்கே பிரைமரும் போகாது, பிரஷ்ஷும் போகாது. எங்கள் முதல் வேலை கெட்டது அப்படித்தான். அதனால் நம் கரையில் ஓரத்தோடு ஓரம் சேர்த்துத்தான் பற்றவைக்க வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம். நடுவில் ஒரு ஹேக்ஸா பிளேடு செருகும் அளவு இடைவெளி சுற்றிலும் ஒரே சீராக வரட்டும். குறுக்குச் சட்டத்தின் மேல் உட்காரும் இடத்தில் வேறு வழியில்லை. அங்கே இரண்டு முகத்திலும் வெல்டு தாங்கும் துத்தநாகப் பிரைமர் அடித்துவிட்டு, மேல்தகரத்தில் துளை போட்டு அதன் வழியே பற்றவையுங்கள்.

பற்றவைப்பது

சாதாரண ஆர்க் வெல்டிங் வேண்டாம், இந்தக் கனத்தில் ஓட்டை விழும். கேஸ் வெல்டிங் நம்மூர் டிங்கர்களின் பழைய முறை. கை தேர்ந்தவர் செய்தால் வெல்டு மிருதுவாக வந்து சுத்தியலுக்குக் கேட்கும். ஆனால் சூடு பரவும், புதியவர் கையில் தகரம் நெளிந்துவிடும். 0.8 மி.மீ. கம்பியும் ஆர்கான் கலந்த கேஸும் போட்ட மிக் வெல்டிங்தான் (கம்பி தானாக வந்து உருகும், கேஸ் அதைக் காற்று படாமல் மூடும்) கற்றுக்கொள்ள ஏற்றது. வாடகைக்குக் கிடைத்தால் முதல் ஒரு மணி நேரத்தை அதே கனமுள்ள துண்டுத் தகரங்களில் செலவழியுங்கள்.

காற்று வீசும் இடத்தில் மிக் வேலை செய்யாது. கேஸைக் காற்று அடித்துக்கொண்டு போய்விடும், வெல்டு பஞ்சு போலத் துளை துளையாக வரும். ஆனி, ஆடிக் கச்சானில் வெட்டவெளியில் வைத்து முயற்சி செய்யவே வேண்டாம். மாசி, பங்குனியில் வையுங்கள், சுற்றிலும் தார்ப்பாய் கட்டுங்கள், புகை வெளியேற மேலே வழி விடுங்கள்.

எர்த் கிளாம்ப்பைப் பக்கத்திலேயே சுத்தமான தகரத்தில் கவ்வவிடுங்கள். முதலில் நான்கு பக்கத்தின் நடுவிலும் ஒரு புள்ளி. அப்புறம் மூலைகளுக்கு அருகே. பிறகு இரண்டு புள்ளிகளுக்கு நடுவில் ஒன்று, அதற்கு நடுவில் இன்னொன்று என்று எதிரெதிர்ப் பக்கம் மாறி மாறிப் போங்கள். புள்ளிகள் ஒரு அங்குல இடைவெளிக்கு வந்ததும் நிறுத்தி, தகரம் மட்டமாக இருக்கிறதா என்று பார்த்து, எகிறியதைத் தட்டி இறக்குங்கள். மீதியை நிரப்பும்போதும் புள்ளி புள்ளியாகவே. நீளமாக ஒரு கோடு இழுக்கக் கூடாது. பக்கத்துப் புள்ளியைக் கையால் தொட முடிகிற சூடு வந்த பிறகே அடுத்தது. தண்ணீர் ஊற்றி ஆற்ற வேண்டாம். இடைவெளி கொஞ்சம் பெரிசாகிவிட்ட இடத்தில், பழைய ஏ.சி. செம்புக் குழாயை அடித்துத் தட்டையாக்கி அடியில் அழுத்திப் பிடிக்கச் சொல்லுங்கள். வெல்டு செம்பில் ஒட்டாது, ஓட்டையும் விழாது.

மேடுகளை ஃபிளாப் வீலால் லேசாகச் சீவிய பிறகு, இருட்டும்வரை காத்திருங்கள். மொபைல் டார்ச்சைக் காருக்கு அடியில் வைத்து, உள்ளே உட்கார்ந்து வெல்டுக் கோட்டைப் பாருங்கள். நான் பார்த்தபோது பதினொரு இடத்தில் ஊசிமுனை வெளிச்சம் வந்தது. பகலில் ஒன்றுகூடத் தெரியவில்லை. ஒவ்வொன்றையும் குறித்துவைத்து அடைத்தேன்.

மூடுவது

வெறும் தகரத்தைப் பெயிண்டு இல்லாமல் நாள்கணக்கில் விடாதீர்கள். ஊசித்துளை அடைத்த மறுநாள் காலை பத்து மணிக்கு, பனி ஈரம் போன பிறகு, வெல்டு ஓரத்தை மறுபடி பிரஷ் வீலால் தேய்த்து, தின்னர் தோய்த்த துணியால் துடைத்து, கையுறை இல்லாமல் தொடாமல், எபாக்சி பிரைமர் அடியுங்கள். இரண்டு டப்பாவாக வரும், டப்பாவில் போட்டிருக்கும் அளவில் கலக்கவும். மேலே இரண்டு கோட், அடியில் இரண்டு கோட். வெறும் ரெட் ஆக்சைடு பிரைமர் ஈரத்தை உள்ளே விடும். உள்நாட்டில் எப்படியோ, நமக்கு அது மட்டும் போதாது. மேடுபள்ளத்தை நிரப்பும் பட்டி இங்கே தேவையே இல்லை, அதுவும் ஈரம் உறிஞ்சும்.

பிரைமர் காய்ந்ததும் வெல்டுக் கோடு முழுக்க மேலும் கீழும் சீம் சீலர் (ஒட்டின் சந்தை அடைக்கும் பசை). அதன் மேல் பெயிண்டு. அடிப்பக்கத்துக்கு மட்டும் தார் வகை அண்டர்கோட். வெறும் தகரத்தில் நேராகத் தார் பூசினால், அது விட்டுப்போகும் இடத்தில் உப்புத் தண்ணீர் உள்ளே புகுந்து, வெளியே தெரியாமலேயே தின்றுகொண்டிருக்கும். கதவோரப் பெட்டிக்குள் கேவிட்டி வேக்ஸ் (உட்புறத்துக்கான மெழுகு) அடியுங்கள், நீளக் குழாய் வைத்த ஸ்பிரேயில் கிடைக்கிறது. அடித்த பிறகு வடிகால் துளைகள் அடைத்துக்கொள்ளாமல் திறந்திருக்கின்றனவா என்று பாருங்கள். பழைய இன்ஜின் ஆயிலை அடியில் பூசும் வழக்கம் நம் பக்கம் உண்டு. சில மாசம் காக்கும், ஆனால் ரப்பர் புஷ்களைக் கெடுக்கும், பின்னால் பெயிண்டும் பிடிக்காது. நான் அதை விட்டுவிட்டேன்.

ஒரு வாரம் காயவிட்டு, பைப்புகளையும் ஒயர்களையும் கிளிப்போடு திரும்பக் கட்டி, சீட்டை மாட்டுங்கள். பிரேக் பைப்பைக் கழற்றியிருந்தால் ஏர் எடுக்காமல் (பைப்புக்குள் புகுந்த காற்றை வெளியேற்றாமல்) வண்டியை நகர்த்தக் கூடாது. தனுஷ்கோடி ரோட்டில் போய்வந்தால் அன்றைக்கே அடிப்பக்கத்தை நல்ல தண்ணீரில் கழுவிவிடுங்கள். சக்கரத்துக்கு மேலே ஒட்டியிருக்கும் மணலைக் கையால் எடுத்துவிடுங்கள். தார்ப்பாயால் இறுக்கி மூடி நிறுத்துவதைவிடக் கூரைக்குக் கீழே காற்றாட நிறுத்துவது மேல்.

ஐப்பசியில் முதல் பெருமழை பெய்த மறுநாள் பாயைத் தூக்கிப் பாருங்கள். உள்ளே ஈரம் இருந்தால் உங்கள் வெல்டைச் சந்தேகப்படுவதற்கு முன்னால் முன்கண்ணாடி ரப்பரின் கீழ் மூலைகளைப் பாருங்கள். எங்கள் காரில் தண்ணீர் அங்கிருந்துதான் இறங்கிக்கொண்டிருந்தது.